ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டு

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. பைய நான் மடியில வச்சுக்கிடுறேன். கால மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமா நீட்டிக்கிடுறேன், தப்பா நினைக்காதீங்க. பெருவிரல்ல கட்டுப் போட்டிருக்கு. புதுச் செருப்பு கடிச்ச புண்ணு, வேற ஒண்ணுமில்ல. செருப்புக்கடிக்குப் போயி மதுரைக்குப் போங்க, பெரிய டாக்டரப் பாருங்க, லேட் பண்ணினா விரல எடுக்க வேண்டியதாயிரும்னு எங்க ஊர் டாக்டர் பயங்காட்டி அனுப்பி வச்சிருக்காரு. சின்ன வயசு டாக்டரு. படிச்சதை எல்லாம் எவன் கால்லயாவது பாத்துரணும்னு இருக்கும்ல.

இந்தாங்க, கடலைமிட்டாய் எடுத்துக்கோங்க. கோவில்பட்டியில பஸ் ஏறினவன் வெறுங்கையா ஏறினா அந்த ஊருக்கே அவமானம். நான் ரெண்டு எடுத்துக்கிடுறேன். வீட்டுல இருந்தா அவ தொட விடமாட்டா. ஒரு வாரமா டப்பாவ எங்க ஒளிச்சு வைக்கான்னே தெரியல.

விஷயம் என்னன்னா தம்பி, என்கிட்ட இப்ப ரெண்டு ரிப்போர்ட்டு இருக்கு. ஒரே ஆளு ரத்தம், ஒரே நாள் காலையில எடுத்தது. லேப்புதான் ரெண்டு. ஒருத்தி சுகர் நானூறத் தொட்டுருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கா. இன்னொருத்தன் தொண்ணூத்தியேழுன்னு எழுதிக் குடுத்திருக்கான். எதை டாக்டர்கிட்ட காட்டப் போறீங்கன்னு கேப்பீங்க. வீட்டுல ரெண்டையும் காட்டுங்கன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கா. எனக்கு அந்தக் குழப்பமே கிடையாது. ஏன்னா ரெண்டு பேருமே என் ஸ்டூடண்ட்ஸ். எவன் எப்படி ரீடிங் எடுப்பான்னு எனக்குத் தெரியாதா?

நான் பிசிக்ஸ் வாத்தியாரு. காலேஜ் பேரு எதுக்கு, விடுங்க. போன வருஷம்தான் ரிட்டயர்டு. எச்.ஓ.டி.யா இருந்தேன். எங்க லேப்புல என்ன விசேஷம்னா, நான் அங்க இருந்த வரைக்கும் ஒரு பையன், ஒரு பொண்ணு, தப்பா விடை எடுத்ததே கிடையாது. சுத்துப்பட்டுல வேற எந்தக் காலேஜும் அப்படிச் சொல்ல முடியாது. எப்படி சார்னு கேளுங்க. ஒழுங்கு, தம்பி. ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க லேப்புக்குள்ள வர்ற மொத நாளே எல்லா எக்ஸ்பெரிமென்டுக்கும் விடைய போர்டுல எழுதிப் போட்டுருவேன். நோட்டுல மொதப் பக்கத்துல எழுதிக்கணும். அப்புறம் அதுல இருந்து பின்னாடி நடந்து வரணும். விடை இது, அப்ப இந்தக் கணக்கு என்ன, அப்ப ரீடிங் என்ன வந்திருக்கணும், அதை எழுது. வீட்டுக்கு வழி தெரிஞ்சவன் எந்தப் பஸ்ல ஏறினாலும் வீட்டுக்குத்தானே வந்து சேருவான்?

ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. சொன்ன விடையே அச்சடிச்ச மாதிரி வந்துரக் கூடாது. பரீட்சை வைக்க வேற காலேஜுல இருந்து எக்ஸ்டெர்னலா வர்றவருக்கு அது மரியாதையா இருக்காது. அதனால பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன், விடைக்குப் பக்கத்துல உக்காரணும், விடை மேல ஏறி உக்காரக் கூடாது. ஒருத்தனுக்கு ஒரு பிசிறு மேல, ஒருத்திக்கு ஒரு பிசிறு கீழ. பாக்க நேச்சுரலா இருக்கணும். இந்த நெளிவு சுளிவு எந்தப் புஸ்தகத்துல இருக்கு, சொல்லுங்க.

அதுல மன்னன்னா மாடசாமிதான். தொண்ணூத்தியேழு போட்டானே, அவன்தான். எங்ககிட்ட ஒரு எக்ஸ்பெரிமென்டு. இருட்டு ரூம்புக்குள்ள ஒரு மஞ்ச விளக்கு, நடுவுல முக்கோணக் கண்ணாடி, அதாவது பிரிஸம், இந்தப் பக்கம் ஒரு டெலஸ்கோப்பு. வெளிச்சம் கண்ணாடிக்குள்ள போயி எவ்வளவு வளைஞ்சு வெளிய வருதுன்னு பாத்தா, அந்தக் கண்ணாடிக்குன்னு ஒரு நம்பர் கிடைக்கும். எங்க கண்ணாடிக்கு ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டு. மாடசாமி உள்ள போனான்னா அந்த விளக்கு ஒழுங்கா எரியறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டு வெளிய வந்துருவான். அவ்வளவு வேகம். அவன் விடை எப்பவும் பக்கத்துலதான் உக்காந்திருக்கும், மேல உக்காராது. இப்ப சொந்தமா ரத்தப் பரிசோதனை நிலையம் வச்சிருக்கான். ஏசி போட்டிருக்கான்.

தண்ணி பாட்டில் இருக்கா தம்பி? குடுங்க, நான் கொண்டாந்தது ஊரத் தாண்டுறதுக்குள்ளயே தீந்து போச்சு. என்ன வெயிலு. இந்த ஒரு மாசமா தொண்டை வறண்டுக்கிட்டே இருக்கு. வெயிலு அப்படி.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், ஒழுங்கு. அப்படி ஒழுங்கா இருந்த லேப்புக்குள்ளதான் கார்குழலின்னு ஒரு அம்மா வந்து சேந்துச்சு. டாக்டர் கார்குழலி. மேனேஜ்மென்டு போட்ட தற்காலிக வேலைதான், ஆனா நடை என்னமோ நோபல் பரிசு வாங்கிட்டு வந்த மாதிரி. பேரப் பாத்து நானும் தமிழ் டிபார்ட்மென்டுக்கு வந்த பொண்ணு வழி தவறி வந்துட்டுன்னு நினைச்சேன். வடக்க எங்கயோ பெரிய இடத்துல ஆராய்ச்சி பண்ணிட்டு வந்திருக்கு. வந்த மொத வாரமே போர்டுல இருந்த விடையெல்லாத்தையும் அழிச்சிருச்சு. ஏம்மான்னு கேட்டா, விடை தெரிஞ்சா பிள்ளைங்க எதுக்கு சார் அளக்கணும்ங்குது. விடை தெரியாம எதை வச்சும்மா அளக்கிறதுன்னு நான் கேட்டேன். அதுக்கு அந்தம்மா டெலஸ்கோப்பத் தொடைக்கப் போயிருச்சு.

லேப்ப மாத்தணுமாம். ஊரெல்லாம் மாத்திட்டாங்களாம். இருவது எக்ஸ்பெரிமென்டு செஞ்சு பாக்கிறதுக்குப் பதிலா நாலு செஞ்சா போதுமாம், ஆனா என்ன செய்யணும்னு பிள்ளைங்களே முடிவு பண்ணணுமாம். இந்த ஊர்ல தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகக் கூடாதுன்னுதான் பெத்தவங்க பிள்ளைங்கள காலேஜுக்கே அனுப்புறாங்க. இது என்ன செஞ்சுச்சு தெரியுமா? லேப்புக்குள்ளயே தீக்குச்சிய கொண்டாந்து, ஒரு குச்சி எவ்வளவு நேரம் எரியும், மழைக்காலத்துல ஏன் பத்த மாட்டேங்குது, கண்டுபிடிங்கன்னு உக்கார வச்சிருச்சு. செண்பகம்னு ஒரு பொண்ணு, அவங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்லதான் வேலை. அது குச்சிய வெயில்ல காய வச்சு, ஈரத்துல வச்சு, ஒரு மாசம் அதையே கட்டிக்கிட்டு அழுதுச்சு. அந்தச் செண்பகம்தான் தம்பி இப்ப என் ரத்தத்துல நானூறு போட்ட ஆளு.

இதைவிடக் கொடுமை என்னன்னா, விடைக்குப் பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ்னு ஒண்ணு போடணுமாம். அதாவது, எனக்கு இவ்வளவுதான் தெரியும், இதுக்கு மேல கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்னு எழுதிக் குடுக்கணும். பரீட்சைப் பேப்பர்ல எவனாவது எனக்கு இவ்வளவுதான் தெரியும்னு எழுதுவானா? மார்க்கு போடுறவன் என்ன நினைப்பான்? நான் டிபார்ட்மென்டு மீட்டிங்லயே கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா மட்டும் சிரிக்கல.

அப்புறம்தான் அந்தம்மா பிரிஸத்துக்கு வந்துச்சு. விடைய சொல்லாம, இது என்ன கண்ணாடின்னு நீங்களே கண்டுபிடிங்கன்னு பிள்ளைங்கள இருட்டு ரூம்புக்குள்ள அனுப்பிருச்சு. ஒவ்வொரு பிள்ளையும் மணிக்கணக்கா உள்ள கிடக்கு. வெளிய வந்து விடைய எழுதினா, ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு. ஒருத்தர் விடாம எல்லாரும் ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு, அதுக்குப் பக்கத்துல ஒரு பிளஸ் ஆர் மைனஸ் வேற. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, காப்பி அடிச்சிருக்குங்க. இல்லன்னா அத்தனை பேருக்கும் எப்படி ஒரே விடை வரும்? என்ன சிரிக்கிறீங்க? எங்களுக்கு எல்லாருக்கும் ஒரே விடை வந்தது வேற. அது சரியான விடை.

அந்தம்மா என் ரூமுக்கு வந்து, சார், கண்ணாடி மாறியிருக்கு, இது வேற ஜாதிக் கண்ணாடின்னு சொல்லுச்சு. எப்பவோ பழைய பிரிஸம் கீழ விழுந்து உடைஞ்சது வாஸ்தவம்தான். மதுரையில இருந்து வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து வச்சோம். ஆனா நான் கேக்கிறேன் தம்பி, அதுக்கப்புறம் எத்தனை செட்டுப் பிள்ளைங்க வெளிய போயிருக்காங்க. அத்தனை பேருக்கும் ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டுதானே வந்திருக்கு. கண்ணாடி மாறியிருந்தா எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க. இதைத்தான் அந்தம்மாகிட்டயும் கேட்டேன். சரி, உங்க பேச்சுக்கே வாரேன், வேணும்னா கண்ணாடிய மாத்துங்க, விடைய மாத்தாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

இது எந்த ஊரு, சாத்தூரா? கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், இந்தா இறங்கி ஏறிடுறேன். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடுறேன்பா.

அப்பாடா. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கினா கண்டக்டருக்கு மூஞ்சி போற போக்கப் பாத்தீங்களா? வயசாயிட்டா எல்லாருக்கும் இப்படித்தான். வெள்ளரிக்கா வாங்கினேன், எடுத்துக்கோங்க. சாத்தூருக்கு வந்துட்டு வெள்ளரிக்கா திங்காமப் போகக் கூடாது.

பிராக்டிகல் பரீட்சை வந்துச்சு. எக்ஸ்டெர்னலா வந்தவரு என் சிநேகிதரு. அவர் பிள்ளைங்களுக்கு நான் போவேன், என் பிள்ளைங்களுக்கு அவர் வருவாரு. மத்தியானம் மட்டன் சுக்காவோட சாப்பாடு, அப்புறம் ஒரு சின்னத் தூக்கம், எழுந்து வந்து விடைய மட்டும் பாத்து மார்க்கு போட்டுட்டு சாயங்காலப் பஸ்ல போயிருவாரு. நல்ல மனுசரு. சீட்டு எடுத்ததுல செண்பகத்துக்கு அந்தப் பிரிஸம் விழுந்துருச்சு. அந்தப் பொண்ணு படிப்புல கெட்டி, இல்லைங்கல. யுனிவர்சிட்டி ரேங்குக்கு நிக்கிற பொண்ணு. எங்க காலேஜுல இருந்து அதுவரைக்கும் ஒருத்தரும் ரேங்கு எடுத்ததில்ல. எனக்கும் ஆசை இருக்காதா?

போயி எட்டிப் பாக்கேன், ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டுன்னு எழுதி வச்சிருக்கு. பக்கத்துல குனிஞ்சு மெதுவா சொன்னேன்.

"ஏம்மா, ஒரே ஒரு நம்பர்தான். ஆறை அஞ்சாக்கிரு. ரேங்கு உனக்குத்தான்."

அது நிமிந்து பாத்துச்சு. பயந்த பொண்ணுதான். ஆனா வாயில இருந்து என்ன வந்துச்சு தெரியுமா?

"நான் பாத்தது ஆறுதான் சார்."

போச்சு. எக்ஸ்டெர்னல் எந்திரிச்சு வந்தாரு, விடையப் பாத்தாரு, உதட்டப் பிதுக்கினாரு, பாதி மார்க்க எடுத்துட்டாரு. ரேங்கு கைய விட்டுப் போச்சு. அந்தப் பொண்ணோட அம்மா ரிசல்ட்டு வந்த அன்னைக்கு காலேஜ் வாசல்ல வந்து நின்னு அழுதாங்க. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. பாருங்கம்மா, புதுசா வந்த டீச்சர் செஞ்ச வேலைன்னு அவங்ககிட்ட விளக்கமா எடுத்துச் சொன்னேன். பாவம், கும்பிட்டுட்டுப் போனாங்க. மேல்படிப்புக்கு வழி இல்லாம, அந்தப் பொண்ணு ஒரு டிப்ளமோவப் படிச்சிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற ரத்த லேப்புல வேலைக்குச் சேந்துருச்சு.

அந்தம்மாவையும் மேனேஜ்மென்டு அடுத்த வருஷத்துக்கு வேண்டாம்னுட்டாங்க. நான் ஒண்ணும் கோள் சொல்லல. செகரட்டரி கேட்டாரு, ரிசல்ட்டு ஏன் இறங்கியிருக்குன்னு. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். போறப்ப அந்தம்மா என் ரூமுக்கு வந்துச்சு. சண்டை போடும்னு நினைச்சேன், போடல. சார், ஒரே ஒரு தடவை நீங்க வந்து அந்த டெலஸ்கோப்புல பாருங்க சார்னு கேட்டுச்சு. கெஞ்சுற மாதிரி கேட்டுச்சு. முப்பது வருஷமா சொல்லிக் குடுக்கிறவனப் பாத்து, வந்து பாருங்கன்னா என்ன அர்த்தம்? நான் எதுக்கும்மா பாக்கணும், எனக்குத்தான் தெரியுமேன்னு சொல்லிட்டேன். போயிருச்சு. இனிமே எந்தக் கிறுக்கும் வந்து பிள்ளைங்களக் குழப்பக் கூடாதுன்னு அந்தப் பிரிஸத்து மேலயே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டுன்னு எழுதி வச்சுட்டுத்தான் நான் ரிட்டயர்டு ஆனேன். இப்ப எல்லாம் ஒழுங்கா வருதாம்.

இப்ப ரத்தத்துக்கு வாங்க. புண்ணு ஆறலன்னு வீட்டுல நச்சரிச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. உள்ள போனா செண்பகம். சார், வாங்க சார்னு எந்திரிச்சு நின்னுச்சு. மரியாதையெல்லாம் இருக்கு. ரத்தம் எடுத்துச்சு, மிஷின்ல வச்சுச்சு. முகம் மாறிப் போச்சு. கேக்காமலே இன்னொரு தடவை வேற மிஷின்ல வச்சுப் பாத்துச்சு. அப்புறம் என் கிட்ட வந்து, சார், இன்னைக்கே டாக்டரப் பாத்துருங்க சார்னு சொல்லுது. ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தேன். பக்கத்துலயே நார்மல் எவ்வளவுன்னு அச்சடிச்சு வச்சிருக்காங்க தம்பி. விடை அங்கயே இருக்கு. கண்ணு முன்னாடி இருக்கு. அப்பவும் தப்பா போட்டிருக்கா பாருங்க.

கேட்டேன். நார்மல்னு இவ்வளவு தெளிவா போட்டிருக்கே, உனக்கு ஏம்மா அது வரலன்னு கேட்டேன்.

"நாலஞ்சு கூடக் குறைய இருக்கலாம் சார், ஆனா நூறுக்கு வராது. உங்க ரத்தத்துல இருக்கிறதத்தான் சார் நான் எழுத முடியும்."

அதே பிளஸ் ஆர் மைனஸ்! அந்தக் கார்குழலி போயும் அது விட்ட பேய் போகல. எனக்குக் கோவம் வந்துருச்சு. கொஞ்சம் பயமும் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ராத்திரி தூக்கம் வரல. எங்கப்பாவுக்கும் கடைசியில கால எடுத்தாங்க. அது வேற, அவர் சொல்பேச்சுக் கேக்காத மனுசரு. ரேங்கு போன ஆத்திரத்துல இந்தப் பொண்ணு என்னைப் பழி வாங்குதுன்னு எனக்குத் தோணுச்சு. வீட்டுல சொன்னா, பழி வாங்குற பொண்ணு ஏங்க கண்ணு கலங்குதுன்னு கேக்குறா. அவளுக்கு சயன்ஸ் தெரியாது.

மாடசாமிகிட்ட மறுநாளா போனேன்னு கேக்கிறீங்களா? இல்ல இல்ல, அன்னைக்கே போயிட்டேன், அது அந்த ராத்திரிக்கு முன்னாடி. அவன்கிட்ட போனப்புறமும் தூக்கம் வரலங்கிறதத்தான் சொல்ல வந்தேன். எதுக்கு வரலன்னு தெரியல. அவன் ஓடி வந்து கையப் பிடிச்சு ஏசி ரூம்ல உக்கார வச்சான். சக்கரை தூக்கலா ஒரு காப்பி வாங்கிக் குடுத்தான். அந்தப் பொண்ணு என்ன சார் போட்டிருக்குன்னு கேட்டான். சொன்னேன். சிரிச்சுட்டான். சார், உங்களுக்குப் போயி எப்படி சார் சுகர் வரும்னான். ரத்தத்த எடுத்துக்கிட்டு உள்ள போனான், வந்தான். கண்ணாடித் தடுப்பு வழியா நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மிஷின மூடியிருந்த துணியக்கூட எடுக்கல தம்பி. அவ்வளவு சுத்தமான வேலை. ரிப்போர்ட்டு கையில. என்ன போட்டிருந்தான்? நூறுன்னு போடல, கவனிச்சீங்களா. தொண்ணூத்தியேழு. பக்கத்துல உக்காந்திருக்கு, மேல உக்காரல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சொல்லிக் குடுத்தத மறக்காத பிள்ளை.

திருமங்கலம் தாண்டிருச்சா? அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, படிங்க. எனக்கு எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது, இந்த பஸ் கண்ணாடியத் தொடச்சு எத்தனை நாளாச்சோ. அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டா? ஜன்னல் ஷட்டர் லொடலொடன்னு ஆடிச்சுல்ல, மடிச்சு அதுல சொருகி வச்சிருக்கேன். சத்தம் நின்னுருச்சு பாத்தீங்களா. அதை எதுக்கு உருவுறீங்க? சரி, வச்சுக்கோங்க. வேணும்னா நீங்க படிச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட நான் மாடசாமியோடதத்தான் குடுப்பேன். இவ்வளவு நேரம் சொன்னதுக்கப்புறமும் ரெண்டையும் காட்டுங்கங்கிறீங்களே. நீங்களும் எங்க வீட்டுல சொல்ற மாதிரியே சொல்றீங்க.

இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. புண்ணு மோசமா இருந்தா வலிக்கணும்ல? எனக்குச் சுத்தமா வலியே இல்ல. போன வாரம் அந்தக் கால்லயே வெந்நி கொட்டுச்சு, வீட்டுலதான் கத்தினா, எனக்கு ஒண்ணும் தெரியல. வலி இல்லன்னா ஆறிக்கிட்டு வருதுன்னுதானே அர்த்தம்?

மாட்டுத்தாவணி வந்துருச்சு. வாங்க, இறங்குவோம். மெதுவா, மெதுவா, படி உயரமா இருக்கு. ஏன் கையப் பிடிக்கிறீங்க, நான் நல்லாத்தானே நடக்கேன். என்ன? செருப்பா? எந்தச் செருப்பு? சீட்டுக்கு அடியில எதாவது கிடந்தா அது வேற யாருதாவது இருக்கும். என் செருப்பு என் கால்லதான் இருக்கு. எனக்குத் தெரியாதா? செருப்புன்னா கால்லதான் தம்பி இருக்கும், இதுக்குப் போயி நான் குனிஞ்சு வேற பாக்கணுமாக்கும்.